நின்றுபோன சிப்பிடம் பேசுவது எப்படி: டீபக் புரோப் முழு வழிகாட்டி

"போட்ட மறுநாளே நின்னுடுது தம்பி" என்று நாற்றங்கால் மண்டோர் (மேற்பார்வையாளர்) மூன்றாவது தடவையாகப் போன் செய்தார். அதற்குள் நான் அந்தப் பெட்டியை இரண்டு முறை கழற்றிக் கொண்டுவந்து, புரோகிராமில் அங்கங்கே, எதுவரை ஓடியது என்று செய்தி அனுப்பும் பிரிண்ட் வரிகளைச் சேர்த்து, மறுபடி மாட்டியிருந்தேன். செம்பனைக் கன்றுகளுக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் பம்ப்பை ஓட்டி, தொட்டியின் நீர்மட்டத்தை மணிக்கு ஒருமுறை பதிவு செய்கிற சின்னப் பெட்டி அது. உள்ளே எஸ்டிஎம்32எஃப்103 சிப். அணைத்துப் போட்டால் ஓடும். மறுநாள் காலையில் உறைந்து கிடக்கும்.

மூன்றாவது முறை பெட்டியைக் கழற்றவில்லை. மடிக்கணினியையும் ஒரு டீபக் புரோப்பையும் (சிப்பின் உள்ளே பார்த்துத் தவறு தேட உதவும் சின்னக் கருவி) பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கே போனேன். இரண்டு வாரம் பிரிண்ட் வரி காட்டாத தவறின் தடயத்தை அன்று காலை புரோப் காட்டிக்கொடுத்தது. அது என்ன தவறு என்று கீழே சொல்கிறேன்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. நான் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில். இங்கிருந்து கூலிம் ஹைடெக் பார்க்குக்குத் தினமும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறைய. 1996-இல் திறக்கப்பட்ட அந்தத் தொழிற்பேட்டையில் சிப் செய்கிறார்கள், போர்டு செய்கிறார்கள். அங்கே ஒரு போர்டு மக்கர் செய்தால் பக்கத்து மேசையில் கேட்க ஆள் உண்டு. வீட்டுக்கு வந்து சொந்தமாக ஒன்று செய்ய உட்காரும்போது யாரும் இல்லை. அப்போது சிப்பையே நேராகக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. புரோப் விலையுயர்ந்த கம்பெனிக் கருவி என்று நினைத்துவிடுகிறார்கள்.

புரோப் என்ன செய்கிறது

கார்டெக்ஸ்-எம் வகை சிப் எதிலும் (நம் எஸ்டிஎம்32எஃப்103 அதில் எம்3), உங்கள் புரோகிராமை ஓட்டும் பகுதிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு டீபக் சுற்று இருக்கிறது. புரோகிராம் ஓடினாலும் நின்றாலும் அது தன் வேலையைச் செய்யும். அதற்கு இரண்டு கம்பி போதும்: கடிகாரத்துக்கு எஸ்டபிள்யூகிளாக், தரவுக்கு எஸ்டபிள்யூடிஐஓ. இந்த இரண்டு கம்பி முறைக்குப் பெயர் எஸ்டபிள்யூடி. இதற்கு மூத்தது ஜேடேக். 1990-இல் ஐட்ரிபிள்ஈ 1149.1 என்ற தரமாக வந்தது. போர்டில் சிப்களின் கால்கள் சரியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று சோதிக்க வந்த முறை, பிறகு டீபக் வேலைக்கும் பயன்பட்டது.

புரோப் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் அந்த இரண்டு கம்பி. அதன் வழியாக சிப்பை நிறுத்தலாம், ரெஜிஸ்டரை (சிப் கணக்குப் போடும்போது வைத்துக்கொள்ளும் சின்னச் சேமிப்பிடம்) படிக்கலாம், நினைவகத்தில் எதையும் பார்க்கலாம், மாற்றலாம். புரோகிராம் செத்துக் கிடக்கும்போதும் சிப் பதில் சொல்லும். பிரிண்ட் வரியால் இது முடியாது. பிரிண்ட் வேலை செய்யப் புரோகிராம் உயிரோடு இருக்க வேண்டுமே.

எதை வாங்குவது

முதல் புரோப்பாக ராஸ்ப்பெரி பை பிக்கோ போர்டையே சொல்வேன். 2021-இல் வெளிவந்தபோது அதன் விலை 4 அமெரிக்க டாலர். அதில் டீபக்புரோப் என்ற இலவச ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் புரோகிராம்) ஏற்றினால் அதுவே முழுமையான புரோப். 2023-இல் அதே கம்பெனி இதைப் பெட்டிக்குள் வைத்து, கேபிள்களோடு 12 டாலருக்குத் தனிப் பொருளாகவும் விட்டது. இரண்டிலும் சீரியல் போர்ட்டும் சேர்ந்தே வருகிறது. ஒரே யூஎஸ்பியில் டீபக்கும் பிரிண்ட்டும் பார்க்கலாம்.

எஸ்டி-லிங்க் என்ற புரோப் எஸ்டிஎம் சிப்களுக்கு நன்றாக இருக்கும். எஸ்டிஎம் சிப்போடு வரும் நியூக்ளியோ போர்டு வாங்கினால் அதிலேயே ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இணையக் கடைகளில் கிடைக்கும் விரல் அளவு அலுமினியக் கூடு எஸ்டி-லிங்க்குகள் நகல்கள். வேலை செய்யும். ஆனால் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கூடுகளில் கால்களின் வரிசை வேறு வேறாக இருக்கும். கூட்டின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துத்தான் மாட்ட வேண்டும். பழைய கூட்டின் நினைவில் மாட்டாதீர்கள்.

ஜே-லிங்க் என்ற புரோப் வேகமானது, உறுதியானது. அதன் மாணவர் பதிப்பு மலிவு, ஆனால் வணிகம் சாராத வேலைக்கு மட்டுமே அனுமதி. தோட்டத்துக்கு நாலு பெட்டி செய்து காசு வாங்குகிறீர்கள் என்றால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஈஎஸ்பி32 என்ற வேறு வகை சிப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எஸ்3, சி3 ரகங்களில் ஜேடேக் சிப்புக்குள்ளேயே யூஎஸ்பியோடு சேர்ந்து வருகிறது. புரோப்பே வாங்க வேண்டாம், கேபிள் போதும்.

கம்பி மாட்டுதல்

பிக்கோவின் வெள்ளைப் பொத்தானை அழுத்திக்கொண்டே கணினியில் செருகினால் ஒரு பென்டிரைவ் போலத் திறக்கும். டீபக்புரோப் ஃபர்ம்வேர் கோப்பில் பிக்கோவுக்கான பதிப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். தானே மறுபடி தொடங்கும். புரோப் தயார்.

இனி மூன்று கம்பி. பிக்கோவின் 3-ஆம் கால் கிரவுண்ட், 4-ஆம் கால் கடிகாரம், 5-ஆம் கால் தரவு. நாம் எடுத்துக்கொண்ட எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் கடிகாரம் பிஏ14, தரவு பிஏ13. இந்தச் சிப் உள்ள புளூ பில் என்ற சின்னப் போர்டின் ஒரு முனையில் இந்த நான்கு கால்களும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும்: கிரவுண்ட், கடிகாரம், தரவு, 3.3 வோல்ட்.

கிரவுண்டை முதலில் மாட்டுங்கள், கடைசியில் கழற்றுங்கள். 3.3 வோல்ட் கம்பி விஷயத்தில் நிதானம் வேண்டும். நகல் எஸ்டி-லிங்க்கில் அது மின்சாரம் கொடுக்கும் கால். நல்ல புரோப்களில் அதே பெயருள்ள கால், போர்டில் எத்தனை வோல்ட் ஓடுகிறது என்று பார்க்க மட்டுமே. போர்டுக்குத் தனி மின்சாரம் இருந்தால் புரோப்பிலிருந்து வேறு கொடுக்காதீர்கள். பிக்கோவில் அந்தக் கம்பியே வேண்டாம்.

கம்பி ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கட்டும். அதைவிட நீண்டால், குறிப்பாக பம்ப் மோட்டார் பக்கத்தில் இருந்தால், சிக்னல் கெடும். அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். 1000 கிலோஹெர்ட்ஸில் வராத இணைப்பு 100-இல் வந்துவிடும். வீட்டில் டுப்பாண்ட் கம்பியில் (கால்களில் செருகும் முனையுள்ள கம்பி) வேலை செய்தாலும், பழைய டுப்பாண்ட் கம்பிகளின் முனை தளர்ந்து போகும். இணைப்பு விட்டு விட்டு வந்தால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். மென்பொருளை அப்புறம் சந்தேகிக்கலாம்.

முதல் பேச்சு

கணினியில் இரண்டு மென்பொருள் வேண்டும். ஓப்பன்ஓசிடி புரோப்போடு பேசும். ஜிடிபி என்ற டீபக்கர் உங்களோடு பேசும். ஓப்பன்ஓசிடியைத் தொடங்கும்போது இரண்டு கோப்பு காட்ட வேண்டும்: இன்டர்ஃபேஸாக சிஎம்சிஸ்-டாப் (பிக்கோ புரோப் பேசும் முறை), டார்கெட்டாக எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ். சரியாக இருந்தால், சிப்பிடம் ஆறு பிரேக்பாயிண்ட்டும் நான்கு வாட்ச்பாயிண்ட்டும் (இரண்டும் என்ன என்று கீழே வரும்) இருப்பதாகச் சொல்லி, 3333 என்ற போர்ட்டில் காத்திருக்கும்.

அந்த வரிகளில் ஒரு அடையாள எண் வரும். அதைக் கட்டாயம் பாருங்கள். அசல் எஃப்103 சிப் 1பிஏ01477 என்று சொல்லும். 2பிஏ01477 என்று வந்து, எதிர்பார்த்தது இதுவல்ல என்று ஓப்பன்ஓசிடி நின்றுவிட்டால், உங்கள் போர்டில் இருப்பது நகல் சிப். நகல் சிப்பிலும் வேலை நடக்கும். எதிர்பார்க்கும் எண்ணை அமைப்பில் மாற்றிக் கொடுத்தால் போதும். ஆனால் இணைப்பு தவறு என்று நினைத்து அரைநாள் கம்பியை நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எண்ணே வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள். போர்டுக்கு மின்சாரம் இருக்கிறதா, மல்டிமீட்டரால் அளந்து. கிரவுண்ட் பொதுவாக இருக்கிறதா. கடிகாரமும் தரவும் இடம் மாறியிருக்கிறதா. இவை எல்லாம் சரி என்றால், உள்ளே ஏற்கனவே இருக்கும் புரோகிராம்தான் கதவைச் சாத்தியிருக்கும். பிஏ13, பிஏ14 கால்களை வேறு வேலைக்கு மாற்றியிருக்கலாம், அல்லது சிப்பை ஆழ்ந்த தூக்கத்தில் போட்டிருக்கலாம். இதற்கு வழி உண்டு. ரீசெட் காலையும் புரோப்போடு இணைத்து, ரீசெட்டில் பிடித்தபடியே இணையச் சொல்லுங்கள். அந்தக் கால் இல்லாத புரோப் என்றால், போர்டின் ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஓப்பன்ஓசிடியில் கட்டளை கொடுத்து, உடனே விரலை எடுங்கள். புரோகிராம் தன் முதல் வரிகளை ஓட்டும் முன் சிப்பை நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று முயற்சியில் பிடிபடும்.

படிக்கவிடாத பூட்டு போட்ட சிப் என்றால் கதை வேறு. பூட்டைத் திறக்கலாம், ஆனால் திறக்கும்போது உள்ளிருக்கும் புரோகிராம் முழுவதும் அழியும். சில எஸ்டிஎம் குடும்பங்களில் இரண்டாம் நிலைப் பூட்டு இருக்கிறது. அது போட்டால் போட்டதுதான், திரும்பவே முடியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நிறுத்திப் பார்ப்பது

ஜிடிபியைத் திறந்து, உங்கள் புரோகிராமின் எல்ஃப் கோப்பைக் கொடுத்து, 3333-க்கு இணையுங்கள். எல்ஃப் கோப்பில்தான் எந்த முகவரி எந்த வரி என்ற கணக்கு இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் கார்டெக்ஸ்-டீபக் என்ற துணைநிரலைப் போட்டால் இதையெல்லாம் சுட்டியால் செய்யலாம். உள்ளே ஓடுவது இதே இரண்டு மென்பொருள்தான்.

ஒரு வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தால் சிப் அங்கே வந்ததும் நிற்கும். ஃபிளாஷில் ஓடும் புரோகிராமுக்கு இவை சிப்புக்குள் இருக்கும் வன்பொருள் பிரேக்பாயிண்ட்கள். கார்டெக்ஸ்-எம்3-இல் ஆறு. பிக்கோவின் ஆர்பி2040-இல் ஒவ்வொரு கோருக்கும் நான்கு. பழைய ஈஎஸ்பி32-இல் இரண்டே இரண்டு. அதனால் கண்ட இடத்தில் எல்லாம் வைக்க முடியாது. ஒன்றை எடுத்து இன்னொன்றை வையுங்கள்.

ஒரு மாறியின் மதிப்பைக் கேட்டால் 'ஆப்டிமைஸ் ஆகிவிட்டது' என்று ஜிடிபி கைவிரித்தால், கம்பைலரின் ஆப்டிமைஸ் அளவை டீபக்குக்கு ஏற்றதாக மாற்றிக் கம்பைல் செய்யுங்கள். வரிகள் முன்னும் பின்னும் தாவுவதும் அதோடு நின்றுவிடும்.

நிறுத்தும்போது உலகம் நிற்காது

இதைப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். பிரேக்பாயிண்ட்டில் சிப் நின்றாலும், அது கடைசியாகக் கொடுத்த உத்தரவு அப்படியே நிற்கும். ரிலே இழுத்த நிலையில் நிறுத்தினால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி நிரம்பியதா என்று பார்க்க வேண்டிய புரோகிராம் உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும். டைமரும் பிடபிள்யூஎம்மும் (வேகமாக அணைத்துப் போடும் வெளியீடு) கூட, நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால், ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் டீபக் செய்யும்போது ரிலேயின் வெளிப்பக்கம் பம்ப்பைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன விளக்கை மாட்டுங்கள். விளக்கு எரிந்தால் பம்ப் ஓடுகிறது என்று கணக்கு.

வாட்ச்டாகும் (புரோகிராம் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) இப்படித்தான். நீங்கள் நிதானமாக மாறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாட்ச்டாக் பொறுமையிழந்து சிப்பை ரீசெட் செய்துவிடும். எஸ்டிஎம் சிப்களில் டீபக் நேரத்தில் வாட்ச்டாகை உறைய வைக்க ஒரு பிட் இருக்கிறது. புரோகிராமின் தொடக்கத்திலேயே அதைப் போட்டுவிடுங்கள்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பம்ப் கொட்டகையில் மூன்று ஃபேஸ் 400 வோல்ட் இருக்கும். பெட்டி அதே கொட்டகையில் இருக்கும். அங்கே மடிக்கணினியை சார்ஜரில் போட்டுக்கொண்டு புரோப்பை மாட்டாதீர்கள். பேட்டரியில் ஓட்டுங்கள். இரண்டு கிரவுண்டுகளுக்கு இடையே சின்ன வித்தியாசம் இருந்தாலும் அது உங்கள் யூஎஸ்பி வழியாகத்தான் பாயும். அடிக்கடி போகிற வேலை என்றால் யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று வாங்கி நடுவில் மாட்டுங்கள். மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்து இடி கேட்டால் கழற்றிவிட்டு வெளியே வாருங்கள். நம் ஊர் மின்னலுக்கு எந்தப் புரோப்பும் தாங்காது.

உறைந்த பெட்டியில் இணைவது

இனி அந்த நாற்றங்கால் பெட்டி.

ஒரு சாதனம் உறைந்து நிற்கும்போது அதன் நினைவகத்தில் சாட்சி அத்தனையும் இருக்கிறது. அணைத்துப் போட்ட நொடி அது போய்விடும். அதனால் மண்டோரிடம் போனிலேயே சொன்னேன்: "அண்ணே, சுவிட்ச்சைத் தொடாதீங்க, கன்றுக்கு இன்னைக்கு மட்டும் கையால தண்ணி விடுங்க."

உறைந்த போர்டில் ரீசெட் செய்யாமல் இணைய வேண்டும். ஐடிஇ-களில் (புரோகிராம் எழுதும் மென்பொருள்களில்) பெரும்பாலும் இணைந்ததுமே ரீசெட் செய்து புரோகிராமையும் புதிதாக எழுதுகிற ஏற்பாடு இருக்கும். அதை அணைத்து, 'அட்டாச்' வகை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ரீசெட் கம்பியை மாட்டவே வேண்டாம். ஓப்பன்ஓசிடியில் 'ரீசெட் ஹால்ட்' என்று கொடுக்காமல் 'ஹால்ட்' மட்டும் கொடுங்கள். பெட்டியில் ஏற்றிய அதே எல்ஃப் கோப்பு கையில் இருக்க வேண்டும். மறுபடி கம்பைல் செய்தது உதவாது, முகவரிகள் மாறியிருக்கும்.

நிறுத்திப் பார்த்ததும் சிப் ஹார்ட்ஃபால்ட் கையாளியின் முடிவில்லாத சுழற்சியில் இருந்தது. அதாவது செய்யவே முடியாத ஒரு வேலையைப் புரோகிராம் கேட்டிருக்கிறது. இந்த நிலைக்கு வரும் முன் கார்டெக்ஸ்-எம் ஒரு நல்ல காரியம் செய்கிறது. எட்டு ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் (நினைவகத்தில் தற்காலிகக் குறிப்புகளுக்கான பகுதி) எழுதி வைக்கிறது: ஆர்0, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்12, லிங்க் ரெஜிஸ்டர், புரோகிராம் கவுண்டர், நிலைக்கொடி. இதே வரிசை, மொத்தம் 32 பைட். ஜிடிபியில் ஸ்டாக் பாயிண்டர் காட்டும் இடத்திலிருந்து எட்டு வேர்டுகளை (ஒன்று நான்கு பைட்) படித்தால் ஏழாவது, விபத்து நடந்த இடம். ஆறாவது, அங்கே அனுப்பியவர் யார் என்பது. கையாளியை நீங்களே சி மொழியில் எழுதியிருந்தால் அது ஸ்டாக்கில் இன்னும் சிலவற்றைப் போட்டிருக்கலாம். அதைத் தாண்டிப் படிக்க வேண்டும்.

ஏழாவது வேர்டைப் பார்த்தேன். ஃபிளாஷ் முகவரிதான், ஆனால் எந்த ஃபங்ஷனின் தொடக்கமும் இல்லை. ஆறாவது வேர்டை எடுத்து, அது எந்த வரி என்று ஜிடிபியிடம் கேட்டேன். நீர்மட்டம் படித்து முடித்ததும் ஃபங்ஷன் பாயிண்டர் (ஒரு ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி) வழியாக இன்னொரு ஃபங்ஷனை அழைக்கும் வரி. ஃபால்ட் நிலை ரெஜிஸ்டரில் 17-ஆவது பிட் ஏறியிருந்தது. தம்ப் (கார்டெக்ஸ்-எம் ஓட்டும் ஒரே கட்டளை வகை) அல்லாத முகவரிக்குத் தாவ முயன்றது என்று பொருள். கார்டெக்ஸ்-எம்மில் ஃபங்ஷன் முகவரியின் கடைசி பிட் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் பூஜ்யம். ஆக, யாரோ அந்தப் பாயிண்டரைக் கெடுத்திருக்கிறார்கள்.

யார் என்று பிடிக்க வாட்ச்பாயிண்ட். 'இந்த நினைவக இடத்தில் யார் எழுதினாலும் அந்த நொடியே நில்' என்று சிப்பிடம் சொல்லும் வசதி அது. சிப்பே கவனித்துக்கொள்வதால் புரோகிராமின் வேகம் குறையாது. வீட்டுக்கு வந்து அதே புரோகிராமை இன்னொரு போர்டில் ஓட்டி, அந்தப் பாயிண்டருக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கப்பட்ட பிறகு அதில் வாட்ச்பாயிண்ட் வைத்தேன். ஒரு நாள் காத்திருக்கவில்லை. மணிநேரப் பதிவின் எண்ணிக்கையை ஜிடிபியிலேயே 23 என்று மாற்றிவிட்டு ஓடவிட்டேன். அடுத்த பதிவு சரியாகப் போனது. அதற்கடுத்த பதிவில் நின்றது.

நின்ற வரி, நீர்மட்டத்தைப் பட்டியலில் எழுதும் வரி. பட்டியலில் 24 இடம், பூஜ்யத்திலிருந்து 23 வரை. எண்ணிக்கை 24-ஐத் தாண்டினால் பூஜ்யமாக்கு என்று எழுதியிருந்தேன். 24-ஐத் தொட்டாலே பூஜ்யமாக்கியிருக்க வேண்டும். 25-ஆவது பதிவு பட்டியலுக்கு வெளியே, ஸ்ட்ரக்டில் அதற்கு அடுத்திருந்த பாயிண்டரின் பாதி மேல் போய் விழுந்தது. நீர்மட்டம் இரட்டை எண்ணாக வந்தால் கடைசி பிட் பூஜ்யம், உடனே ஃபால்ட். ஒற்றை எண்ணாக வந்தால் புரோகிராமின் நடுவில் எங்கோ குதிக்கும். சில நாள் பம்ப் காரணமில்லாமல் ஓடியது என்று மண்டோர் சொன்னதற்கு விளக்கமும் அங்கேயே கிடைத்தது. மேசையில் நான் சோதித்ததெல்லாம் சாயங்காலம் வரைக்கும்தான். 25 மணி நேரம் ஒருபோதும் ஓடவிட்டதில்லை.

தோட்டத்துக்கு அனுப்பும் முன்

செமிஹோஸ்டிங் என்று ஒரு வசதி உண்டு. புரோப் வழியாகவே பிரிண்ட் செய்வது. ஒவ்வொரு வரிக்கும் சிப் நின்று, கணினி படித்து, மறுபடி ஓடும். மேசையில் ஆசையாக இருக்கும். ஆனால் புரோப் இல்லாமல் அந்த வரி ஓடினால் கார்டெக்ஸ்-எம்3 சிப் நேராக ஹார்ட்ஃபால்ட்டுக்குப் போகும். மேசையில் ஓடி, தோட்டத்தில் தொடங்கவே தொடங்காத பெட்டிகளுக்கு இது ஒரு பெரிய காரணம். பிரிண்ட் வேண்டும் என்றால் பிக்கோவின் 6, 7-ஆம் கால்களில் இருக்கும் சீரியலைப் பயன்படுத்துங்கள். எஃப்103-இன் பிஏ10-க்கு 6, பிஏ9-க்கு 7. அல்லது ஆர்டிடி. அது நினைவகத்தில் எழுதி வைக்கும், புரோப் இருந்தால் படிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

மின்சாரத்தை முழுக்க எடுத்து, புரோப்பைக் கழற்றி, தனியாகப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு கணக்குப் போட்டு, உங்கள் புரோகிராமின் மிக நீண்ட சுற்று எவ்வளவு நேரமோ அதைத் தாண்டியும் ஓடவிடுங்கள். என் பெட்டிகள் இப்போது மூன்று நாள் மேசையில் ஓடிய பிறகே மோட்டாரில் ஏறுகின்றன.

ஏற்றிய எல்ஃப் கோப்பைத் தேதி போட்டு, பெட்டி எண் போட்டுத் தனியாக வையுங்கள். போர்டில் டீபக் கால்கள் மூன்றையும் வெளியே விட்டு, ஈரமும் எறும்பும் ஏறாமல் ரப்பர் மூடி போட்டுவிடுங்கள். கால்களின் வரிசையையும் ஃபர்ம்வேர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். அதற்குக் கீழே நான் இன்னொரு வரியும் எழுதுகிறேன், மண்டோருக்காக: நின்றுவிட்டால் அணைக்காதீர்கள், போன் செய்யுங்கள்.